முப்பது நாளாகக் கரையாத பிள்ளையார்

நடுவாய்க்கரை,
திருவிடைமருதூர் வழி,
புரட்டாசி 18.

தென்னந்தோப்புகளின் அதிபதியும், என் தாயாருக்கு ஒரே அண்ணனும், எங்கள் அப்பா வாய் திறக்காமல் பேச்சுக் கேட்கும் ஒரே மனிதருமான பேராவூரணி வைத்தியலிங்க மாமா அவர்களுக்கு, மருமகன் ஐயாவு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லோரும் நலம். அத்தையும் தென்னம்பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

இதனால் அறிவிப்பது யாதெனில், நேற்றுக் காலை எட்டேகால் மணிக்கு நம் வீட்டுப் பிள்ளையாரின் இடது காது உதிர்ந்து விழுந்தது. ஊர்ப் பெரியவர்கள் உடனே கூடினார்கள். காது வெற்றிலையில் ஏந்தி எடுக்கப்பட்டு, மூன்று பேர் முன்னிலையில் தகர டப்பாவுக்குள் வைக்கப்பட்டு, மூடியின் மேல் 'காது' என்று எழுதி ஒட்டப்பட்டது. எழுதியது நான். என் கையெழுத்து இவ்வளவு அழகு என்று ஊருக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

சதுர்த்தி முடிந்து மாதம் ஒன்றாகிறதே, மண் பிள்ளையார் இன்னுமா வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பீர்கள். உட்கார்ந்திருக்கிறார் மாமா. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை கேட்டிருப்பீர்கள், இங்கே பிள்ளையார் பிடிக்க வழக்காய் முடிந்துவிட்டது. கோரைமேட்டில் அப்பா பதினாலு வருஷமாகக் குத்தகைக்கு உழும் ஆறு மா நிலம் உங்களுக்குத் தெரியும். நமக்கிருப்பது அது ஒன்றுதான். குத்தகைக்காரன் பேரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று போன வருஷம் சட்டம் வந்ததும் அப்பா மனுப் போட்டார். நிலத்துக்காரர் சாரங்கபாணி ஐயா, "தங்கையன் எனக்குக் குத்தகைக்காரனே இல்லை, கூலிக்கு உழுதவன்" என்று எதிர்மனுப் போட்டார். விசாரணை முடியும்வரை சாகுபடி நடக்கட்டும், ஆனால் நிலத்தில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்று தாசில்தார் இரண்டு பேருக்கும் நோட்டீஸ் அனுப்பினார். அந்த நேரம் பார்த்துச் சதுர்த்தி வந்தது, அப்பாவுக்கு ஆசையும் வந்தது. "இந்த வருசம் நம்ம வயலு மண்ணுலதான் புள்ளையாரு. யாரு வயலுன்னு அவருக்கும் தெரியட்டும்" என்றார். ஒரு கூடை மண் குயவர் ரெத்தினம் வீட்டுக்குப் போய், குன்றிமணிக் கண்ணோடு பிள்ளையாராகத் திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் அம்மா கற்பூரம் காட்டி, பலகையோடு ஒரு விரற்கடை வடக்கே நகர்த்தி, "போயிட்டு வாங்க சாமி, அடுத்த வருசமும் வந்துருங்க" என்று வழியனுப்பினாள். அப்பா தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். படித்துறையில் சாரங்கபாணி ஐயா கால் கழுவிக்கொண்டிருந்தார். அப்பா சும்மா இறங்கிக் கரைத்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே இல்லை. ஆனால் நம் அப்பாவுக்கு வாய் இருக்கிறதே.

"பாத்தீங்களா ஐயா, கோரைமேட்டு மண்ணு. நம்ம வயலு."

"எந்த நம்ம?"

"உழுவுறவன் நம்மங்க."

சாரங்கபாணி ஐயா காலைக் கழுவுவதை நிறுத்தினார். "ஏய் தங்கையா, கரையேறு மொதல்ல. நிலத்துல ஒரு மாத்தமும் கூடாதுன்னு தாசில்தார் சொல்லியிருக்காரு. நீ என்னடான்னா எந் நிலத்தைக் கரைச்சுக் கடலுக்கு அனுப்பப் பாக்குறியா?"

இந்த இடத்தில் மூளையுள்ள எவனும் சிரித்திருப்பான். அப்பா சிரிக்கவில்லை. தண்ணீரில் முழங்கால் வரை நின்றபடி யோசித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இது நிலந்தான்னு ஒத்துக்கிறீங்க?"

"ஆமாய்யா, நிலந்தான்!"

"நிலம் இப்ப யாரு கையில இருக்கு? எல்லாரும் பாத்துக்குங்கய்யா, அனுபோகம் யாருகிட்டன்னு!" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையாரைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். கரைக்கப் போன சாமி கரையேறி வந்ததை நடுவாய்க்கரை சரித்திரத்தில் நான்தான் முதலில் பார்த்தேன். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள். எங்கள் அப்பா மண் பிள்ளையாரை நம்பி வழக்கில் இறங்கிவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை எழுத என் பேனாவே கூசுகிறது. பிள்ளையாரை இவர் மாற்றிவிடுவார் என்று அவருக்குச் சந்தேகம், அவர் திருடிவிடுவார் என்று இவருக்குச் சந்தேகம். இரண்டு பக்கமும் சேராத காவலாள் ஒருவர் வேண்டும் என்று பஞ்சாயத்து கூடியது. சாமி கும்பிடுகிறவன் எவனானாலும் பக்தியில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவான், ஆகவே சாமியே இல்லை என்கிற ஆள்தான் பொதுவான ஆள் என்று முடிவாகி, டீக்கடையில் மைக் கட்டிப் 'பிள்ளையார் வெறும் களிமண்' என்று பேசுகிற கட்சிக் கிளைச் செயலாளர் இராஜாங்கம் அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். முதல் இரண்டு நாள் பிள்ளையாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்தார். மூன்றாம் நாள் ஈ ஓட்டினார். ஒரு வாரத்தில் வெடிப்பு விடாமலிருக்க ஈரத்துணி போர்த்தினார். பத்தாம் நாள் எலிப்பொறியோடு வந்து நின்றார்.

"என்னண்ணே, எலி அவரு வாகனமாச்சே, பொறி வைக்கலாமா?" என்று கேட்டேன்.

"வாகனமாவது வண்டியாவது! தும்பிக்கைய கடிச்சுப்புட்டா யாருடா பதில் சொல்றது? போடா அந்தாண்ட, மூச்சுக்காத்து பட்டுக் காயுது பாரு" என்றார். பகுத்தறிவு இவ்வளவு பாசமாக இருக்கும் என்று மைக்கில் ஒருநாளும் சொன்னதில்லை.

அம்மா பாடு இன்னும் மோசம். வடக்கே நகர்த்தியாயிற்று, சாமி போய்விட்டார், இருப்பது வெறும் மண் என்று காலையில் சொல்வாள். மத்தியானம் ஆனால் பயம் வந்துவிடும். "ஒருவேளை போகாம நின்னுட்டாருன்னா? பட்டினி போட்ட பாவம் யாருக்கு?" என்று கொழுக்கட்டைக்கு மாவு பிசைவாள். முப்பது நாள் கொழுக்கட்டை மாமா. சாமி சாப்பிடுவதில்லை என்பதற்கு என் வயிறே சாட்சி.

போன வாரம் அம்மா பொறுக்கமாட்டாமல் நடுவாசலுக்கே வந்துவிட்டாள். அப்பா, சாரங்கபாணி ஐயா, இராஜாங்கம் அண்ணன் மூன்று பேரும் தும்பிக்கையில் விழுந்த வெடிப்பை அளந்துகொண்டிருந்தார்கள். "கல்லுல வந்தா கோயில் கட்டணும், செம்புல வந்தா பூட்டி வைக்கணும். வேணாம், வந்த வேலை முடிஞ்சா தண்ணியோட போயிடுறேன்னுதானே அவரு மண்ணுல வர்றாரு? ஆசையா கூப்புட்டு, ஆசையா அனுப்பி வைக்கிறதுக்குப் பேருதான் பூசை. ஒரு கூடை மண்ண விட மனசில்லாதவங்களுக்கு என்னாத்துக்குச் சதுர்த்தி?" என்றாள். சாரங்கபாணி ஐயா கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். "அம்சம் சொல்றது நூத்துக்கு நூறு ஞாயம்" என்று அம்மா பேரைச் சொல்லியே ஒத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "ஆனா எந்தத் தண்ணியில விடுறது? அது யாரு பாத்தியதைப்பட்ட தண்ணின்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். அப்பா தலையாட்டினார் மாமா! பதினாலு வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். இவர்களுக்கெல்லாம் வயசு ஏறியதே தவிர வேறு எதுவும் ஏறவில்லை. சின்னப் பிள்ளை மணலில் வீடு கட்டினால்கூடப் போகும்போது தானே காலால் கலைத்துவிட்டுத்தான் போகிறது.

வருகிற வெள்ளிக்கிழமை தாசில்தார் நேரில் விசாரிக்க வருகிறார். அப்பா உழுததைக் கண்ணால் பார்த்த பக்கத்து வயல்காரர்கள் ஏழு பேர், நாங்கள் வந்து சொல்கிறோம் என்று வந்தார்கள். "நீங்க எதுக்குய்யா வேலைய கெடுத்துக்கிட்டு? எனக்குப் புள்ளையாரு இருக்காரு" என்று அப்பா அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். பிள்ளையாருக்கு அடுத்த சாட்சி யார் தெரியுமா? அடியேன்தான். மண் எந்த வயலில் எடுத்தது என்று நான் எழுந்து சொல்ல வேண்டும், அதோடு பதிவேட்டில் அப்பா பேர் ஏறிவிடும் என்று ஏற்பாடு. பேச்சை எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். "கனம் தாசில்தார் அவர்களே, மண்ணைத் தொட்டுச் சொல்கிறேன்" என்று தொடங்குகிறேன். சாரங்கபாணி ஐயா எச்சில் விழுங்குவதற்கு இரண்டாவது பத்தியில் இடம் விட்டிருக்கிறேன். ஆறு மா நிலத்தை ஒற்றை நாக்கால் மீட்டவன் என்று நாளைக்கு ஊர் பேசும்போது, இவன் என் மருமகன் என்று நீங்கள் பேராவூரணிச் சந்தையில் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம்.

அத்தைக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசி. அவர்களைவிட நான் நாலு வயசு பெரியவன், ஆகையால் கொடுக்கலாம். பெரியவர்கள் ஆசியை எனக்குத் தபாலில் அனுப்பினாலும் பெற்றுக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
ஐயாவு

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டுங்கள், இதைக் காட்டாதீர்கள். வயலில் மண் எடுத்து வரச் சொல்லி அப்பா கூடையையும் மண்வெட்டியையும் கொடுத்தது என்னிடம். கோரைமேடு முக்கால் மைல். அன்றைக்குத் திருவிடைமருதூரில் சடுகுடு. நான் இல்லாவிட்டால் எங்கள் கட்சி தோற்றுவிடும் என்று நினைத்தேன் (இருந்தும் தோற்றது). அதனால் பக்கத்திலேயே, சாரங்கபாணி ஐயா மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலுள்ள குட்டையில் வேலியைப் பிரித்து நுழைந்து எடுத்துவிட்டேன். களி ரொம்ப நயம் என்று ரெத்தினம்கூடப் பாராட்டினார். ஆக, முப்பது நாளாக அப்பா தன் நிலம் என்று கட்டிக்கொண்டிருப்பது அசல் சாரங்கபாணி மண். உண்மையைச் சொன்னால் அப்பா மண் திருடியவராகிறார், வயல் போகிறது. பொய் சொல்லலாம் என்றால், மனப்பாடம் செய்த பேச்சு நேற்றிலிருந்து ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. அம்மா சொன்னதுதான் சரி, அது கரையத்தான் வேண்டும். கரைந்த மண்ணுக்கு விலாசம் கிடையாது. நீங்கள் புதன்கிழமைக்குள் பஸ் ஏறி வந்து, அப்பாவை அதட்டி, பிள்ளையாரை வாய்க்காலில் விடச் செய்து, அந்த ஏழு பேரையும் கையோடு கூப்பிட்டு வைத்துவிட்டு, அப்புறமாக அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். சொல்லும்போது நான் படித்துறைக்கு அந்தப் பக்கம் தண்ணீருக்குள் முங்கியிருப்பேன். கோபம் தணிந்ததும் ஒரு கல்லை எறிந்து கூப்பிடுங்கள். ரொம்ப நேரம் விட்டுவிடாதீர்கள் மாமா, கணக்கு வாத்தியார் என் தலையில் இருப்பது முழுக்கக் களிமண் என்றுதான் சொல்கிறார்.