நாலு துளைப் பொத்தானும் என் நிரந்தர வேலையும்

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் தையல் கடை, உன் கண், அத்தானின் முதுகுவலி எல்லாம் எப்படி இருக்கின்றன? நான் உடம்பளவில் சுகம். மற்றபடி முடிந்து போனவன். கடையில் பட்டன் தைக்க ஒரு ஆள் வேண்டும் என்று புலம்பிக்கொண்டிருந்தாயே, அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே. வேதியியல் வாத்தியார் வேலை எனக்கு நிரந்தரமாகப் போவதில்லை.

முந்தாநாள் கல்வி அதிகாரி என் வகுப்பைப் பார்க்க வந்தார். அவர் தலையசைத்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வருடக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதற்காகத்தான் உன்னிடம் அந்தக் கறுப்புப் பொத்தான் டப்பாவைக் கேட்டு வாங்கினேன். எல்லாவற்றுக்கும் நாலு துளை, ஒரே அகலம். ஆனால் சிலது மெல்லிசு, சிலது நடுத்தரம், சிலது நல்ல தடிமன். துளைதான் புரோட்டான், துளை நாலாக இருக்கும்வரை எல்லாம் ஒரே தனிமம், எடை மட்டும் மாறினால் அது ஐசோடோப்பு என்று பிள்ளைகள் கையாலேயே தொட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று திட்டம். இயற்கையில் இருப்பதைப் போலவே மெல்லிசை அள்ளிப் போட்டு, மற்ற இரண்டையும் கிள்ளிப் போட்டு, ஒவ்வொரு மேசையிலும் ஒரு கிண்ணம் வைத்தேன். எந்த வகை எவ்வளவு பங்கு இருக்கிறதோ அதற்கேற்ப எடையைச் சேர்த்தால்தான் சராசரி அணு நிறை வரும், சும்மா மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கக் கூடாது என்று தொண்டை வறளச் சொன்னேன். விடை என்ன வரவேண்டும் என்பதை, பள்ளிக்கூட நாளிலிருந்து என் கணக்கையெல்லாம் போட்டுத் தரும் நீதான் சட்டைக்குப் பொத்தான் துளை தைத்து, அதாவது காஜா எடுத்துக்கொண்டே, போனில் சொன்னாய்.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியதுதான் தாமதம். வகுப்புத் தலைவி ஒருத்தி இருக்கிறாள், நாங்கள் நீதிபதி என்று கூப்பிடுவோம். அவள் மேசை மேசையாக ஒரு சுற்று வந்துவிட்டாள். எல்லா மேசையும் ஒரே விடையைச் சொன்னது, அதுவும் ஒரே தப்பான விடையை. போய்ப் பார்த்தால் எல்லாக் கிண்ணத்திலும் மூன்று வகையும் சரிசமமாக உட்கார்ந்திருக்கின்றன! "மிச்சமெல்லாம் எங்கம்மா?" என்றேன் நீதிபதியிடம். "என் டிபன் பாக்ஸ்ல இருக்கு சார். மெல்லிசு மட்டும் ஏகப்பட்டது இருந்துச்சு. எதுவா இருந்தாலும் சமமாப் பிரிக்கணும்னு போன வாரம் நீங்கதானே திட்டினீங்க?" போன வாரம் நான் திட்டியது சோதனைக் குழாய்களைப் பங்கிடாததற்கு, அக்கா. மூன்றும் சமமானால் மூன்றால் வகுத்தாலே விடை வந்துவிடுமே, அப்புறம் நான் கத்தியதற்கு என்ன அர்த்தம்? டிபன் டப்பாவைக் கவிழ்த்து, பிசுபிசுப்பைத் துடைத்து, மறுபடி எடை போட்டு, ஒருவழியாக உன் விடை வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

விட்டிருக்கக் கூடாது. பின்பெஞ்சிலிருந்து அதிகாரி, "நல்லது. இந்தச் சராசரி எடை இருக்கே, அந்த எடையுள்ள பட்டன் ஒண்ணை எடுத்துக் காட்டுங்க பாப்போம்" என்றார். குளோரினுக்கு முப்பத்தைந்தரை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே தவிர, முப்பத்தைந்தரை நிறையுள்ள குளோரின் அணு எங்கேயும் கிடையாது. அதை அவருக்கு எழுதிக் காட்டச் சாக்பீஸைத் தேடினேன். பிள்ளைகளோ அதிகாரி கேட்டுவிட்டார் என்று மேசைக்கு அடியிலெல்லாம் தவழ்ந்து தேட ஆரம்பித்துவிட்டார்கள், ஒருவன் என் சட்டைப் பொத்தானையே வெறித்துப் பார்த்தான். அப்போது நீதிபதி எழுந்தாள். "அப்படி ஒரு பட்டன் கிடையாது சார். போன பரீட்சையில எங்க கிளாஸ் சராசரி நாப்பத்தேழு. ஆனா நாப்பத்தேழு மார்க் யாருமே வாங்கல. கொஞ்சம் பேர் எழுபதுக்கு மேல, மத்தவங்க எல்லாரும் முப்பத்தஞ்சுக்குக் கீழ."

எவ்வளவு அழகான பதில்! ஒரு நிமிஷம் எனக்குக் கண் கலங்கியேவிட்டது. அடுத்த நிமிஷம்தான், என் வகுப்பில் பாதிக்கு மேல் தேறவில்லை என்பதை அதிகாரி முன்னாலேயே தண்டோரா போட்டுவிட்டாள் என்பது உறைத்தது. அவர் கூட வந்திருந்த தலைமையாசிரியை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அதிகாரி என்னவோ குறித்துக்கொண்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். இந்தப் பாடம் ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரியும், அதையும் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள்.

அத்தானை வெயிட் தூக்க வேண்டாம் என்று சொல். உன் கத்தரிக்கோல் மழுங்காமல் இருக்கட்டும். பொத்தான்களைக் கழுவிக் கொண்டுவருகிறேன், கூடவே பெட்டி படுக்கையையும்.

இப்படிக்கு,
உன் உதவாக்கரைத் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உத்தரவு வந்துவிட்டது. நிரந்தரமாக்கிவிட்டார்கள், அக்கா! "சராசரியை இவ்வளவு தெளிவாகப் புரியவைத்த ஆசிரியரை நான் பார்த்ததில்லை" என்று அதிகாரி எழுதியிருக்கிறார். ஆகவே கணித ஆசிரியராக. திங்கட்கிழமை இருபடிச் சமன்பாடு. பட்டன் தைக்க வேறு ஆள் பார்த்துக்கொள். காஜா எடுக்கவும் ஒருத்தரைப் பார். நீ போன் பக்கத்திலேயே இரு.