டச்சப் செய்ய முடியாத முகம்

கண்ணாடியில் தெரிந்த மூக்கு நுனியை டச்சப்காரர் ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு தட்டினார். போட்டோ ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இப்படி ஒரு தட்டு தட்டினால் எப்பேர்ப்பட்ட பருவும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். கண்ணாடியில் போகவில்லை. சிவப்பாக, பளபளவென்று, சொந்த வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த தோரணையில் அது அங்கேயே இருந்தது.

"அண்ணி, இன்னிக்கு என்ன கிழமை?"

"சனிக்கிழமை. பிரஷ்ஷைக் கையில வெச்சுக்கிட்டு இவ்வளவு நேரம் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தீங்களா தம்பி?"

சனிக்கிழமை என்றால் ஐடி கார்டு மேடம் வரும் நாள். டச்சப்காரர் மூக்கை இன்னொரு தட்டு தட்டிப் பார்த்தார்.

வயது முப்பத்தாறு. பதினைந்தில் வந்த பரு இன்னும் விடைபெறவில்லை. நெற்றியில் அடங்கினால் தாடையில் முளைக்கும், தாடையில் அடங்கினால் கன்னத்தில். இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரார் முகத்துப் பருவையெல்லாம் துடைத்து எடுப்பதுதான் அவருடைய பிழைப்பு. கல்யாணப் பெண், வேலைக்கு மனுப் போடுகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று அவர் கைபட்டுப் பளிங்காகிப் போன முகங்களுக்குக் கணக்கில்லை. தன் முகத்துக்கு மட்டும் அவரிடம் மவுஸ் இல்லை.

அதற்காக அவர் ஒன்றும் கவலைப்பட்டுச் சாகவில்லை. அவருக்குக் கவலைப்பட நேரம் கிடையாது. கனவு காணவே நேரம் போதவில்லை. ஸ்டுடியோவின் பின்சுவரில் ஒரு திரை தொங்கும். நீல வானம், வெள்ளை மேகம், எங்கே போகிறதென்று தெரியாத ஒரு படிக்கட்டு. மத்தியான வேளையில் பிரிண்டர் முனகிக்கொண்டிருக்கும்போது டச்சப்காரர் அந்தப் படிக்கட்டில் ஏறிப் போய்விடுவார். சில மாதங்களாகத் தனியாகப் போவதில்லை. ஐடி கார்டு மேடமும் கூட வருகிறார்.

மேடத்துக்கு மேல்நிலைப் பள்ளி அலுவலகத்தில் வேலை. மாணவர்களின் போட்டோக்களைக் கொண்டுவந்து கொடுப்பார், அட்டைகளை வாங்கிப் போவார். முதல் நாள் வந்தபோது, "அடுத்த வாரம் வந்தா யாரைக் கேக்கறது?" என்றார். டச்சப்காரர் அந்தக் குரலைக் கேட்டுத் தன் பெயரே மறந்து நின்றார். அதற்குள் உள்ளறையிலிருந்து முதலாளி, "தம்பி! அந்த லைட்டை அணைச்சியா இல்லையா?" என்று கத்த, ஓடிப்போய் லைட்டை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் மேடம் போய்விட்டிருந்தார்.

மறுவாரம் வந்தவர் சிரித்த முகமாகக் கேட்டார். "தம்பி, கார்டு ரெடியா?"

வீட்டில் அண்ணிக்கு அவர் தம்பி. கடையில் முதலாளிக்குத் தம்பி. காய்கறி விற்கிறவர் முதல் கரண்டு பில் கட்டுகிற இடம் வரை அவர் தம்பிதான். அதெல்லாம் அவருக்கு உறைத்ததே இல்லை. மேடம் சொன்னது உறைத்தது. மேடத்துக்கு அவரைவிட ஒன்றிரண்டு வயது குறைவாகத்தான் இருக்கும். பிறகு ஏன் தம்பி?

அன்றைக்கே விடையும் கிடைத்தது. கம்ப்யூட்டர் திரையில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் கன்னத்தை அவர் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது மேடம் குனிந்து பார்த்தார். "பாவம், இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான். இல்லையா தம்பி?"

இந்த வயசுல! டச்சப்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேடம் அவரையும் பத்தாம் வகுப்புக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார். இந்தப் பரு போனால் ஒழிய தம்பி போகாது, தம்பி போனால் ஒழிய மனதில் இருப்பதைச் சொல்ல முடியாது.

"பற்பசையை வெச்சுப் பாருங்க தம்பி, காஞ்சு உதிர்ந்துடும்" என்றார் அண்ணி, கண்ணாடி முன்னால் மூக்கைத் தட்டிக்கொண்டிருந்தவரிடம்.

அந்தச் சனிக்கிழமை பற்பசை காய்ந்தது, உதிரவில்லை. மூக்கில் வெள்ளையாக ஒரு கட்டி ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் அவர் மேடத்தின் முன்னால் புன்னகையோடு நின்றார். மேடம் தன் மூக்கைத் தொட்டு ஜாடை காட்டினார். அவர் அதை அன்பின் ஜாடை என்று எடுத்துக்கொண்டு தன் மூக்கைத் தொட்டார். வெள்ளைக் கட்டி பொலபொலவென்று அட்டைகளின் மேல் உதிர்ந்தது. அடியில் தோல் வெந்து, பரு முன்னைவிட இரண்டு மடங்காகச் சிவந்திருந்தது.

"ஐயோ, எரியுதா தம்பி?"

எரிந்தது. மூக்கு கொஞ்சம், தம்பி அதிகம்.

"பற்பசையெல்லாம் பொம்பளைங்க வைத்தியம்" என்றார் முதலாளி. "எலுமிச்சம்பழத்தைப் பாதியா வெட்டி மூஞ்சி முழுக்கத் தேய். தேய்ச்சுட்டு வெயில்ல உக்காரு. என் காலத்துல நான் அப்படித்தான் பண்ணினேன்."

முதலாளியின் முகம் பழைய ஃபிலிம் சுருள் மாதிரி கறுத்துப்போயிருந்ததை டச்சப்காரர் யோசித்திருக்க வேண்டும். அவர்தான் அப்போது கனவுப் படிக்கட்டில் இருந்தாரே. மொட்டைமாடியில் பழச்சாறு சொட்டச் சொட்ட உட்கார்ந்து, கண்ணை மூடி, மேடம் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக நினைத்துப் பார்த்தார். மேகம் மெல்ல நகர்ந்தது. எங்கோ துணி படபடத்தது. இதைவிடச் சுகமான வைத்தியம் உலகத்தில் இல்லை என்று பட்டது. இறங்கி வந்தபோது கன்னத்துத் தோல் வெங்காயச் சருகாக உரிந்து வந்தது.

முகத்தை மறைக்க முதலாளியின் படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வயதும் கூடுதலாகத் தெரியும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கணக்கு. கண்ணாடி வழியாக உலகமே நீருக்குள் இருப்பதுபோல் ஆடியது. அந்த மயக்கத்திலேயே தலைமையாசிரியரின் போட்டோவைத் திறந்து, கன்னத்தில் ஏதோ கறுப்பாகத் தெரிய, ஒரு தட்டு தட்டினார்.

கார்டு கைக்குப் போன இரண்டாம் நாளே மேடம் வந்துவிட்டார். "தம்பி, எங்க ஹெச்.எம்.முக்கு அங்க அடையாளமே அந்த மச்சம்தான். அதையே அழிச்சுட்டீங்களே! அவர் கண்ணாடியைப் பாக்கறதும் கார்டைப் பாக்கறதுமா ஒரே குழப்பத்துல இருக்கார்."

"திருப்பி வெச்சுடறேன் மேடம்."

வைத்தார். வலது கன்னத்து மச்சத்தை இடது கன்னத்தில் வைத்தார். மேடம் மறுபடியும் வந்தார். "உங்களுக்குக் கண்ணுல ஏதாவது பிரச்சினையா தம்பி?" என்று அக்கறையாகக் கேட்டார்.

அக்கறை அவரைக் கொன்றது. ஒரு பெண் இவ்வளவு அக்கறையாக ஒருவரைத் தம்பி என்று கூப்பிட்டால் அதற்கு மேல் அப்பீலே இல்லை.

பிறகு மெடிக்கல் ஷாப்காரர் வந்தார், அதாவது அவருடைய ட்யூப் வந்தது. டாக்டர் சீட்டெல்லாம் வேண்டாம், போட்டுப் பாருங்க, ரெண்டே நாள் என்றார். சொன்னபடியே ரெண்டே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. டச்சப்காரர் தன்னை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். தெருவில் போகும்போது யாராவது போட்டோ எடுக்கிறார்களா என்றுகூடப் பார்த்தார். ஆனால் பாருங்கள், அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. ட்யூபும் தீர்ந்துபோனது. அடுத்த சனிக்கிழமைக்குள் போன பருவெல்லாம் உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. காது மடலில்கூட ஒன்று இடம் பிடித்திருந்தது.

அன்று மேடம் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதத்தை எடுத்து, தோல் டாக்டர் ஒருவரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். "பசங்களுக்கு ஏதாவதுன்னா இவங்ககிட்டதான் அனுப்புவோம்" என்றார்.

பசங்களுக்கு! ஆனாலும் போனார்.

தோல் டாக்டர் நரைத்த தலையோடு, அவசரமே இல்லாத குரலில் பேசினார். பற்பசை, எலுமிச்சை, ட்யூப் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். "இவ்வளவையும் தாங்கியிருக்கே, உங்க தோலுக்குத்தான் முதல்ல நன்றி சொல்லணும். அந்த ட்யூப்ல ஸ்டீராய்டு இருக்கு. இனிமே தொடாதீங்க."

"இந்த வயசுலயும் பரு வருமா டாக்டர்?"

"நாப்பதுலயும் வரும். உங்க தப்பு ஒண்ணும் இல்லை. ராத்திரி இந்த ஜெல், ஒரு பட்டாணி அளவு, முகம் பூராவும் மெலிசா. காலையில இன்னொண்ணு. சாதாரண சோப்பால மெதுவா கழுவுங்க, ஈரப்பதத்துக்கு ஒரு க்ரீம், வெயிலுக்கு ஒரு க்ரீம். கிள்ளாதீங்க, தேய்க்காதீங்க. முதல் சில வாரம் கொஞ்சம் கூடுற மாதிரி இருக்கும். பயந்து நிறுத்தக் கூடாது."

"சனிக்கிழமைக்குள்ள போயிடுமா?"

"எந்தச் சனிக்கிழமை?"

"வர்ற சனிக்கிழமை."

"மூணு மாசம் கழிச்சு ஏதாவது ஒரு சனிக்கிழமை கண்ணாடியைப் பாருங்க."

எழுந்தவர் கதவருகே தயங்கி நின்றார். "டாக்டர், இது போனா எனக்கு வயசு கூடுதலா தெரியுமா?"

டாக்டர் பேனாவை மூடினார். "எல்லாரும் குறைச்சுக் கேப்பாங்க. கூட்டிக் கேக்கறவர் நீங்க ஒருத்தர்தான்."

டாக்டர் சொன்னபடியே முதலில் கூடியது. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளி எலுமிச்சம்பழத்தை நினைவூட்டினார். டச்சப்காரர் இருவருக்கும் காது கொடுக்கவில்லை. தினமும் படுக்கப்போகும் முன் பட்டாணி அளவு ஜெல்லைப் பூசிக்கொண்டு, ஜன்னல் வழியே வரும் காற்றில் மல்லாந்து படுப்பார். முகம் லேசாகக் குறுகுறுக்கும். திரையில் இருந்த படிக்கட்டு தூக்கத்துக்குள் இறங்கி வரும். அதில் ஏறினால் மேலே மேடம் நிற்பார், கையில் ஐடி கார்டு. அதில் டச்சப்காரரின் போட்டோ இருக்கும், பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் மேகத்தில் மறைந்திருக்கும். அந்த இடம் எப்போது தெளியும் என்று பார்த்துக்கொண்டே தூங்கிப்போவார்.

சனிக்கிழமைகள் வந்து போயின. மேடமும் தவறாமல் வந்து போனார். புதுக் கார்டு, தொலைந்த கார்டு, எழுத்துப் பிழை உள்ள கார்டு, ஒரு வாரம் ஒன்றுமே இல்லாமல் வெறும் உறை கேட்டு.

"அந்தப் பள்ளிக்கூடத்துல எத்தனை பசங்கப்பா படிக்கறாங்க?" என்று முதலாளிக்கே சந்தேகம் வந்தது. "வாரா வாரம் புதுசு புதுசா முளைக்கறாங்களா?"

தாடை முதலில் அடங்கியது. அப்புறம் கன்னம். கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை மூக்கு நுனியில் விரலை வைத்தவர் அப்படியே நின்றார். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அங்கங்கே மங்கலான தழும்பு இருந்தது, பரு இல்லை. அவருக்கு அழுகை வந்தது. அழுதார். பிறகு கண்ணீர் க்ரீமைக் கரைத்துவிடும் என்று பயந்து நிறுத்திக்கொண்டார்.

அன்று மேடம் தனியாக வரவில்லை. கூட ஓர் அம்மாள் வந்தார், மேடத்தின் ஜாடை, கொஞ்சம் கனத்த உடம்பு. "எங்க அக்கா" என்றார் மேடம். முதலாளி ஏதோ விசேஷ வீட்டுக்குப் படம் எடுக்கப் போயிருந்தார். கடையில் வேறு யாருமில்லை.

டச்சப்காரர் பரபரத்தார். அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்து, நீல வானத்தை நேராக்கி, லைட்டைப் போட்டார். "பாஸ்போர்ட் சைஸா, பெருசா?"

"எனக்குப் போட்டோ வேண்டாம். சும்மா பாக்கலாம்னு வந்தேன்" என்றார் அக்கா. பார்த்தார். தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "வீட்ல யார் யாரு?"

"அண்ணன், அண்ணி" என்றார் அவர், கண் மேடத்தின் மேலேயே இருக்க.

மேடம் அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். "டாக்டர்கிட்ட போனீங்க போல. நல்லா தெளிஞ்சிடுச்சே."

டச்சப்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். இதோ வரப்போகிறது. இத்தனை மாதம் பூசிய ஜெல்லுக்கெல்லாம் பலன் அடுத்த சொல்லில்தான் இருக்கிறது.

"ரொம்ப நல்லாயிருக்கு, தம்பி" என்றார் மேடம், மெதுவாக.

படிக்கட்டு, மேகம், வானம் எல்லாம் ஒன்றாகச் சரிந்தன. டச்சப்காரர் லைட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கனவில்லாமல் பேசினார்.

"மேடம், தயவுசெஞ்சு என்னைத் தம்பின்னு கூப்பிடாதீங்க."

மேடத்தின் முகம் வெளுத்தது. "மன்னிச்சுக்கோங்க. நான்பாட்டுக்கு உரிமை எடுத்துக்கிட்டேன். தப்புதான்."

"உரிமையெல்லாம் எடுத்துக்கோங்க! எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க. தம்பி மட்டும் வேண்டாம். எனக்கு முப்பத்தாறு வயசாகுது. பருவைப் பாத்துட்டு நீங்க என்னைப் பையன்னு நெனச்சுட்டீங்க. அதுக்காகத்தான் பற்பசையிலேர்ந்து ஜெல் வரைக்கும் பூசினேன். உங்களுக்குத் தம்பியா இருக்க என்னால முடியாது. செத்தாலும் முடியாது."

மேடத்தின் பார்வை டச்சப்காரர் மேல் இருந்து உள்ளறைப் பக்கம் போய், திரும்பித் தன் அக்காவிடம் வந்தது. அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார்.

"அப்ப உங்க பேரு தம்பி இல்லையா? கட்டினா தம்பியைத்தான் கட்டுவேன்னு இவ எங்கப்பாகிட்ட மூணு மாசமா சண்டை போட்டுக்கிட்டு இருக்காளே!"