இரண்டு மாப்பிள்ளைக்கும் மஞ்சள் ரிப்பன்

மானாம்பதி
4-4-1983

சிரஞ்சீவி முத்துகிருஷ்ணனுக்கு மாமா வேதாசலம் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே உன் அக்கா செல்லம்மாளைத் தவிர யாரும் என்னோடு பேசுவதில்லை. அவளும் திட்டுவதற்காகத்தான் பேசுகிறாள். அங்கே நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். எல்லாவற்றையும் செய்துவிட்டுப் பட்டணத்தில் போய் உட்கார்ந்துகொண்டவனுக்கு என்ன குறை?

சின்ன மாப்பிள்ளை மணவாளன் தலை தீபாவளிக்கு மோதிரம் வேண்டாம், கடிகாரம் வேண்டாம், தான் செய்யும் குட்டி விமானத்தைத் தரையில் நின்றபடி ஓட்ட ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர் போதும் என்று கேட்டார். சரி என்றேன். அந்தச் சேதி காஞ்சிபுரத்துக்கு எப்படிப் போனதோ, பட்டுக்கடை வைத்திருக்கும் பெரிய மாப்பிள்ளை தணிகைவேல், அதுவரை விமானத்தை அண்ணாந்துகூடப் பார்க்காதவர், சின்னவருக்கு என்னவோ அதுவே தனக்கும் வேண்டும் என்று நம் மூத்தவள் கனகாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார். சின்னவள் குழலி கல்யாணத்தில் பந்தலில் அவருக்கு மாலை போட நாம் மறந்ததிலிருந்து அவர் சகலையோடு பேசுவதே இல்லை. இருவருக்கும் நடுவில் தூது போவது நான்தான். பெண்கள் இரண்டும் சேர்ந்தாற்போல் பிறந்த வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று? சீரில் ஒரு இம்மி குறைந்தாலும் கனகா இந்த வாசலை மிதிக்கமாட்டாள் என்ற பயத்தில்தான் உன்னிடம் ஓடிவந்தேன்.

கடற்கரைப் பக்கம் ஃபாரின் சாமான் கடைக்கு என்னை இழுத்துப் போனது யார்? நீ. கடைக்காரர் நாலு சேனல் பெட்டியைக் காட்டியதும், "முதல் முதல்ல வாங்கறவங்களுக்கு ரெண்டு சேனல் மலிவுப் பெட்டியே போதும் மாமா. ஏறி எறங்க ஒண்ணு, திரும்ப ஒண்ணு, வேற இன்னா வோணும்?" என்று பெரிய பைலட் மாதிரி பேசியது யார்? அதுவும் நீ. அப்படியே இரண்டு கொடுங்கள் என்றேன். அந்த மனுஷர் ஒன்றின் ஏரியலில் மஞ்சள் ரிப்பனும் இன்னொன்றில் சிவப்பு ரிப்பனும் கட்டி நீட்டுகிறார். சீர்வரிசையில் எங்காவது இப்படி உண்டா? வேட்டிக்கரை விரற்கடை அகலம் மாறினாலே சாகிறவரை சொல்லிக் காட்டுவார்கள். இரண்டும் மஞ்சளாகவே இருக்கட்டும், மங்களகரமாகவும் இருக்கும் என்றேன். ஒரே நிறம் என்றால் ஒரே அலைவரிசை, இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் ஒன்றின் பேச்சை மற்றது கேட்கும் என்று அவர் சொன்னார்தான். விலைபோகாத சிவப்பை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நான் நெல் விளைவிக்கிறவன், வேறு எப்படி நினைப்பேன்? மின்சார வாரியத்தில் உத்தியோகம் பார்க்கும் நீ அல்லவா தடுத்திருக்க வேண்டும்? வெற்றிலையை மென்றுகொண்டே, "மாமா சொல்ற மாதிரியே குடுத்துடுப்பா" என்றாய்.

தீபாவளிக்கு ஆளுக்கொன்று கொடுத்தாயிற்று. மழை நின்று, ஏரி வற்றி, விமானம் விட நேற்றுத்தான் இரு குடும்பமும் வந்தன. பெரியவர் தறிக்காரர்களை வைத்து ஒரு விமானம் செய்து, இறக்கைக்குப் பட்டே ஒட்டியிருந்தார், ஜரிகைக் கரையோடு. சின்னவர் இரண்டு ரிப்பனையும் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. தான் ஓட்டும்போது அவர் பெட்டியை அணைத்துவைக்கச் சொல்லுங்கள் மாமா என்றார். ஏரிக்கு அந்தப் பக்கம் ஓடி, எனக்குத் தெரிந்த மரியாதையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். பெரியவர், "ஏன், அவுரு அணைக்கட்டுமே. மூத்தவன் நானா, அவுரா?" என்று கேட்டுவிட்டுத் தன் பெட்டியின் விசையைத் தட்டினார்.

அவ்வளவுதான். மேலே போன சின்னவர் விமானம், பெரியவர் தன் பெட்டியின் குச்சியை அசைக்க அசைக்கத் தலைகீழாகப் புரண்டு, கரையில் உட்கார்ந்திருந்த பெரியவரின் தாயார் அம்முலு அம்மாளின் குடையில் வந்து விழுந்தது. குடை போச்சு. அப்புறம் பெரியவர் தன் விமானத்தைக் கெளப்ப, சின்னவரு கோவத்துல தன் குச்சியப் புடிச்சித் திருக, அது எருமை படுத்துக்கினு இருந்த சேத்துல மூக்கைக் குத்தி நின்னுச்சு, ஜரிகையோட. சகலை சதி பண்ணிட்டாருன்னு பெரியவரு சொல்றாரு. மாமனார் கஞ்சத்தனம்னு சின்னவரு சொல்றாரு. கனகாவும் குழலியும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கினு பஸ் ஏறிட்டாங்க. ஆக்கின சோறு, பாயசம் எல்லாம் அப்படியே கீது. என் வயிறு எரியுதுப்பா. என் ரெண்டு பொண்ணும் ஒரே வரிசையில இலை போட்டு உக்கார்றதைப் பாக்காமலே போய்ச் சேந்துடுவேனோன்னு கீது.

ஆகையால் கண்டிப்பாக எழுதுகிறேன். நீயே நேரில் வந்து ஒரு மஞ்சள் பெட்டியை எடுத்துப்போய், சிவப்பாக மாற்றிக்கொண்டு வரவேண்டும். இல்லாவிட்டால் சித்திரைத் திருவிழாவுக்கு இந்தப் பக்கம் தலைகாட்டாதே. உன் மனைவி ஜெயமணிக்கு என் ஆசீர்வாதம், அவளுக்கு மட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காளைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு
வேதாசலம்

பின்குறிப்பு: உத்திரமேரூர் போகும்போது போடலாம் என்று இந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இன்று மறு ஞாயிறு. உடைந்ததை ஒட்டிக்கொண்டு இரண்டு மாப்பிள்ளைகளும் ஏரிக்கு வந்து, ஆளுக்கொரு பக்கம் நின்று முறைத்தார்கள். முட்டி வலிக்கிறது, இனி ஓடமாட்டேன் என்று நான் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். வெகுநேரம் கழித்துப் பெரியவர், "சகல, நான் அணைச்சிட்டேன், நீ ஏத்து" என்று குரல் கொடுத்தார். சின்னவர் ஒரு சுற்று ஓட்டி இறக்கிவிட்டு, "அணைச்சிட்டேண்ணே, இப்ப நீங்க" என்றார். இப்படிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், கடைசியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள். மத்தியானம் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். கனகா இலையிலிருந்து குழலி அப்பளத்தை எடுத்துத் தின்றாள். அடுத்த ஞாயிறும் வருகிறார்களாம்.

அதனால் நீ சிவப்புப் பெட்டியை வாங்கிவராதே. கடைக்காரர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு. அது வந்துவிட்டால் இவர்கள் ஒருவரை ஒருவர் எதற்குக் கூப்பிடப்போகிறார்கள்?