லோகேஸ்வரன் அழித்த கல்யாணப் பத்திரிகை

வாட்சப் குழுவில் வந்த கல்யாணப் பத்திரிகையை அழித்து, அனுப்பியவரை வெளியே தள்ளி, "இது ஸ்கேம், மோசடி! யாரும் திறக்காதீங்க!" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு லோகேஸ்வரன் தேநீரை எடுத்தார். வாசலில் ஒருவர் வந்து நின்றார்.

"நான் ஹேமநாதன் சார். பின் லோரோங் சந்துக்குப் புதுசா குடிவந்தவன். அது என் மக பிரவீனா கல்யாணம். நெசமான கல்யாணம்."

தேநீர் புரையேறியது. மலேசியாவின் கூலாயில் அவர்கள் குடியிருக்கும் தாமானின் வாட்சப் குழுவுக்கு லோகேஸ்வரன்தான் அட்மின். போன மாதம் இப்படி வந்த ஒரு போலிப் பத்திரிகையைப் போனில் திறந்து, குழுவில் இருந்த கஸ்தூரி வங்கிச் சேமிப்பு முழுவதையும் பறிகொடுத்தாள். அன்றிலிருந்து மனிதர் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தார்.

"ஞாயித்துக்கெழம சார். இங்க எங்களுக்குச் சொந்தபந்தம் இல்ல. தாமான் ஆளுங்கள நம்பித்தான் முந்நூறு பேருக்குச் சாப்பாடு சொன்னேன். மண்டபம் காலியா கெடந்தா என் பொண்ணு தாங்கமாட்டா."

"கவலப்படாதீங்க. இப்பவே சரி பண்ணிடுறேன்."

"மன்னிக்கவும். கல்யாணம் உண்மைதான். ஞாயிறு காலை நம்ம தாமான் மண்டபத்துக்கு எல்லாரும் வாங்க" என்று குழுவில் போட்டார்.

அரை நிமிடத்தில் துணை அட்மின் புஷ்பவள்ளி எழுதினாள். "அலமாக்! அண்ணன் போனையும் ஹேக் பண்ணிட்டானுங்க!" அடுத்த நொடி லோகேஸ்வரனையே குழுவிலிருந்து தூக்கிவிட்டாள்.

'அட்மினே சொன்னாலும் நம்பாதே' என்று அவளுக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. ஆனாலும் அந்த வேகத்தைக் கண்டு அசந்துபோனார்.

போன் செய்தார்.

"இப்பல்லாம் ஆளு கொரல்ல மெஷினே பேசுதாம்" என்று வைத்துவிட்டாள்.

வீடியோவில் முகத்தைக் காட்டினார்.

"மூஞ்சியும் மெஷின்லயே செய்றாங்களாம் லா!"

அடேயப்பா, என்ன தேர்ச்சி! இனி நேரில் போவது ஒன்றுதான் வழி. புஷ்பவள்ளி கம்பிக் கதவைத் திறக்காமல் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ரகசியமாகக் கேட்டாள்.

"அண்ணே, யாராச்சும் மிரட்டி அனுப்புனாங்களா? வாய் தெறக்க வேணாம். ஆமான்னா கண்ண மட்டும் சிமிட்டுங்க."

மனிதன் எவ்வளவு நேரம்தான் இமைக்காமல் இருப்பான்? சிமிட்டிவிட்டார். உள்கதவு படாரென்று மூடியது. அதற்குப் பிறகு அவருக்காக அந்தத் தாமானில் எந்தக் கதவும் திறக்கவில்லை.

ஞாயிறு காலை, வெறும் நாற்காலிகளையும் ஒரு பெண்ணின் அழுகையையும் எதிர்பார்த்து மண்டபத்துக்குப் போனார்.

சாலைவரை கார்கள். உள்ளே நிற்க இடமில்லை. பந்தி மூன்றாவது சுற்று ஓடியது. மணவறையில் பிரவீனா சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை சனமா! லோகேஸ்வரனுக்கு மெய்சிலிர்த்தது.

ஹேமநாதன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படி சார் இத்தன பேரையும் கூட்டிட்டு வந்தீங்க?"

அதுதான் லோகேஸ்வரனுக்கும் புரியவில்லை. பந்தியில் இருந்த கஸ்தூரியிடம் குனிந்து கேட்டார்.

அவள் பாயசத்தை உறிஞ்சிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஸ்கேம் கல்யாணம் எப்படித்தான் நடத்துறானுங்கன்னு பாக்க வந்தோம்ணே. கெட்டிக்காரனுங்க லா, நெசமாவே ஒரு பொண்ண உக்கார வச்சிருக்கானுங்க!"