புங்கமரத்தில் மலைக்குருவி

"ஷ்ஷ்! சத்தம் போடாதீங்க பெரிப்பா" என்று சுகாசினி உதட்டில் விரல் வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண், விலங்கியல் படித்தவள்.

நெசவாளி கண்ணாயிரத்தால் சும்மா இருக்க முடியவில்லை. கல்யாணப் புடவைக்காகத் தறியில் ஏற்றும் பட்டு நூல் பாவை நாளைக் காலையில் தெருவில் நீட்டிக் கட்டியாக வேண்டும். போன பாவில், வாசல் புங்கமரத்துக் காக்கைகள் அரக்குப் பட்டின்மேல் எச்சமிட்டுவிட்டன. இதுவும் கெட்டால் கடைக்காரர் இனி நூல் தரமாட்டார். மரத்தை வெட்டுவதற்காக நேற்று மயில்வாகனம் ஏறிப் பார்த்துவிட்டுப் போனான். இன்று ஆளைக் காணோம், சற்றுமுன் போட்ட போனையும் எடுக்கவில்லை.

"இப்பதான் கூவுச்சு. போன்ல பறவைக் குரல் ஆப்புல போட்டுப் பாத்தேன். நீலகிரி உச்சிச் சோலையில மட்டும் இருக்கிற நீலக்குருவி! அழிஞ்சுக்கினு வருது. காஞ்சிபுரத்துக்கு எப்படி வந்துச்சு?"

"பஸ் புடிச்சு வந்திருக்கும். போம்மா."

சேதி பரவுவதற்குள் வெட்டிவிட வேண்டும். ஓரமாகப் போய் மயில்வாகனத்துக்குத் திரும்பவும் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மரத்திலிருந்து மெல்லிய சீழ்க்கை. தெருவே கூடிவிட்டது.

"பறந்து போச்சுப்பா! நானே பாத்தேன்" என்று கையை வீசினார் கண்ணாயிரம்.

கூட்டம் கலைந்தது. நிம்மதியாக மறுபடி போன் போட்டார். குருவி மறுபடி கூவியது. போனவர்கள் அடுத்த தெருக்காரர்களோடு திரும்பி வந்தார்கள்.

விருந்துக்கு வந்திருந்த திருப்புட்குழி தையல்நாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எங்க ஊர்ல பெருமாளே ஜடாயுவுக்குக் காரியம் பண்ணாரு. பட்சின்னா சும்மாவா?"

மரத்துக்குத் துளசி மாலை விழுந்தது. மஞ்சள் துணியும்.

"இனிமே இதுங்கீழ பாவு போடாதே கண்ணாயிரம்" என்றது ஒரு குரல்.

பாவே போடக்கூடாதா? இன்னொரு முறை அழைத்தார். குருவி இந்தத் தடவை நீளமாகப் பாடியது. கற்பூரம் ஏற்றினார்கள்.

பிறகு எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள், கண்ணாயிரமும். அத்தனை உயரத்து மலையை விட்டு, இந்தப் புழுக்கத்தில், எதைத் தேடி வந்திருக்கும்? பாவை அடுத்த தெருவில் கட்டிக்கொண்டால்தான் என்ன? வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடலாமென போனை எடுத்தார்.

அதற்குள் மயில்வாகனமே ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்தான்.

"மன்னிச்சுக்கண்ணே. நேத்து ஏறினப்போ என் போனை மேல்கிளைப் பொந்துல வச்சிட்டு எறங்கிட்டேன் போலக்குது. ஊட்டியில வேலைக்குப் போனப்ப போன்ல பதிஞ்ச குருவிச் சத்தந்தான் ரிங்டோனு. ஒரு தபா அடிச்சுப் பாருங்களேன்!"