ஆணி விழுந்த குழியில் ஒரு சாமி

வாழைத்தாரைச் சுமப்பது தலை. இசக்கித்தாய்க்கு வலித்தது உள்ளங்கால். ஓர் அடி வைத்தால் உச்சிவரை சுருக்கென்றது. மருந்துக்கடை பிளாஸ்டரில் கால் ஆணி கழன்றுவிட்டது. அந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு குழி. கழுவித் துடைத்து, துணி கட்டி, செருப்புப் போட்டு நடந்தால் ஆறியிருக்கும்.

ஆற விட்டால்தானே?

"ஆணி விழுந்தா போதுமாளா? வேரு உள்ளதான் கெடக்கு. தலைக்கு ஏறிரும்" என்று பயங்காட்டி, ஸ்ரீவைகுண்டத்து வயல்காட்டுச் சனம் அவளை வேர்ச்சாமியிடம் இழுத்துப் போனது.

ஆற்றங்கரையில் கொட்டகை. வரிசை ரோடுவரை. முக்கூடலிலிருந்து வேன் பிடித்து நொண்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சாமி திரைக்குப் பின்னால். வெறுங்காலைத் தொட்டால் அருள் போய்விடுமாம். முழங்கால்வரை மஞ்சள் துணி சுற்றி, திரைக்கு அடியில் நீட்ட வேண்டும். துணிமேல் மாட்டுக்கொம்பை வைத்து உறிஞ்சுவார். 'த்தூ!' தட்டில் ஒரு வேர். ஐந்நூறு ரூபாய். வெளியே சாமியின் மச்சான் குழியில் திருநீறு அடைத்து, "நாப்பத்தோரு நாள் தண்ணி படக்கூடாது, செருப்பும் ஆகாது" என்பான்.

இசக்கித்தாய்க்கு எடுத்த வேர் கமகமவென்று மணத்தது. சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சேறு மிதிக்கிற காலுக்குள் இந்த வாசனை எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் குழியில் சீழ். இசக்கித்தாய்க்குச் சர்க்கரை வேறு. பதறிப்போய் மறுபடி வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவர் வன்னியராஜ், ஒரு காலத்தில் அவளோடு தார் சுமந்தவர். வீட்டிலேயே மஞ்சள் துணி சுற்றி வந்திருந்தார்.

"வலிக்குதாளா?"

"உசுரு போவுது அண்ணாச்சி. இன்னொரு வேரு இருக்காம். ஆயிரம் கேக்காவ."

"மொதல்ல எனக்கு எடுக்கட்டும். நீ பாரு."

காலை நீட்டினார். உள்ளே உறுமல்.

"ஆழமான வேருவே! வலிக்குதா?"

"கொஞ்சங்கூட வலிக்கல சாமி."

"அதான் நம்ம கைராசி!"

தட்டில் விழுந்தது, விரல் நீளத்துக்கு. வன்னியராஜ் திரையை ஒரே இழுப்பு. துணியை அவிழ்த்தார். வாரைக் கழற்றி, காலையே தூக்கிச் சாமி மடியில் போட்டார்.

ரப்பர் கால்!

"ஏலே, இதுக்குள்ள எங்கன இருந்துச்சுலே வேரு?"

இசக்கித்தாய் கொம்பைப் பிடுங்கி உதறினாள். மெழுகு அடைப்பு, அதற்குள் நறுக்கிய வெட்டிவேர். "எனக்கு அப்பவே சந்தேகந்தான்" என்றார், மூன்று தடவை வேர் எடுத்த ஒருவர்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி நானும் இவங்கிட்டதான் வந்தேன். இதே திருநீறு, இதே நாப்பத்தோரு நாள்" என்றார் வன்னியராஜ். "எனக்கும் சர்க்கரை. புண்ணைக் கழுவாம வச்சேன். ஆசுபத்திரியில காலை எடுத்துட்டாவ. நீ இப்பமே போளா."

போனாள். சர்க்கரைக்காரி டாக்டரைக் கேட்காமல் பிளாஸ்டரே ஒட்டக்கூடாது என்று நர்ஸ் திட்டினாள். மருந்து, தண்ணீர், சுத்தமான கட்டு, மெத்தென்ற செருப்பு. ஒரு மாதத்தில் ஆறியது. ஒரு மந்திரமும் இல்லை.

சனம் சாமியின் பெட்டியைக் கவிழ்த்து அவரவர் ஐந்நூறை எடுத்துக்கொண்டது. அடுத்த கொம்போடு அடுத்தவன் வருவான். அப்போதாவது, காலை நீட்டுவதற்கு முன் கொம்பை உதறிப் பாருங்கள்.

கணக்கு தீர்ந்தது என்கிறார்கள். தீரவில்லை. வன்னியராஜுக்கு ஒரு கால் பாக்கி.