இறக்கைக்குக் குறுக்கே நான்

"வாழைத்தார் லாரியவே அந்த முக்குல ரெண்டு தடவ ரிவர்ஸ் எடுத்துத்தான் திருப்புறேன். நீ படிச்ச படிப்ப வச்சு காத்தாடி றெக்கையத் திருப்பப் போறியாக்கும்?" என்று கேட்டார் என் தாய்மாமா. அவர் இருபது வருடமாக லாரி ஓட்டுகிறவர். நான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், பொறியியலும் முடித்தவள். ஆகவே அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. (படித்தவர்கள் அப்படித்தான்.)

வேலை இதுதான். சின்னமனூர் தாண்டி, எங்கள் ஊர் வழியாக ஒரு காற்றாலை இறக்கை போக வேண்டும். புது ரகம். எங்கள் பக்கம் அதுவரை வந்ததிலேயே நீளமானது. நான் கம்பெனியின் அனுமதி ஒருங்கிணைப்பாளர், தற்காலிக நியமனம். இறக்கை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் வேலை நிரந்தரம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். சேராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இவ்வளவு நீளத்துக்கு எந்த ஆபீஸிலும் விதி கிடையாது. சாலைக்காரர்கள் மின்சாரக்காரர்களின் கடிதம் இருந்தால் அனுமதி தருவோம் என்றார்கள். மின்சாரக்காரர்கள் போலீஸ் கடிதம் கேட்டார்கள். போலீஸ் சாலைக்காரர்களின் கடிதத்தைக் கேட்டது. மூன்று பேரையும் ஒரே நாளில் மாமா சொன்ன அந்த முக்கு வளைவுக்கு வரவழைத்து, ஒரே தாளில் கையெழுத்து வாங்கினேன். பாதையிலுள்ள பேனர்களை முந்தின நாள் மாலைக்குள் அகற்றும்படி பேரூராட்சிக்கும் ஒரு கடிதம் கொடுத்தேன். கீழே என் கையெழுத்து, பச்சை மையில். (பச்சை மைக்கு எனக்கு உரிமை இல்லை. பார்க்க அழகாக இருந்தது.)

அந்த வாரம் அம்மா போனில் என் போட்டோ ஒன்று கேட்டார்.

"எதுக்கும்மா?"

"சும்மாதான். பல்லு தெரியிற மாதிரி அனுப்பு."

மாப்பிள்ளை பார்க்கத்தான் என்று நினைத்துக் கோபமாக மறுத்தேன். பிறகு பட்டமளிப்பு அங்கி போட்ட படத்தை, முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி அனுப்பினேன்.

குறித்த நாளில் காலை ஆறிலிருந்து எட்டு வரை மின் நிறுத்தம். அதற்குள் இறக்கை ஊரைத் தாண்டாவிட்டால் மூன்று கையெழுத்தும் காலாவதி. முன்னால் ஜீப்பில் நான், பின்னால் டிரெய்லரில் இறக்கை. ஆறே முக்காலுக்கு வளைவுக்கு வந்தோம். ஊரில் ஒரு பேனர் இல்லை. தலைவர்கள் இல்லை, கண்ணீர் அஞ்சலி இல்லை, காதுகுத்து இல்லை. ஒரு கடிதத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோனேன்.

இறக்கையின் வால் திரும்ப வேண்டிய சரியான இடத்தில், சாலையோரமாக ஒன்று மட்டும் நின்றது. அங்கி போட்டு, பல் தெரிய, பதினைந்து அடி உயரத்தில் நான். "காற்றைக் கட்டி ஆளும் எங்கள் குலவிளக்கு பாண்டியம்மாள் பி.இ. அவர்களே, வருக!"

டிரெய்லர் டிரைவர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. பேனரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வண்டியை அணைத்தார்.

பேரூராட்சி ஊழியர் ஓடி வந்தார். "எல்லாத்தையும் கழட்டிட்டோம் மேடம். இது உங்களுதுன்னு உங்க அம்மா சொன்னாக. அதான் விட்டுட்டோம்."

கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னே வந்தார். பேத்தியின் காதுகுத்து பேனரை முந்தின நாள் பறிகொடுத்தவர். "ஏந்தாயி, எம் பேத்தி மூஞ்சி ரோட்டுக்கு இடைஞ்சல். உம் மூஞ்சி இடைஞ்சல் இல்லையாக்கும்?"

ஊழியர் பக்கம் திரும்பினேன். "கழட்டுங்க" என்றேன். கழற்ற முடியவில்லை. இரும்புக் குழாய்களைச் சிமெண்டில் நட்டு, வெல்டிங்கும் வைத்திருந்தார் மாமா.

"காத்துக்கு அசையக் கூடாதுல்ல" என்றார் பெருமையாக.

டிரெய்லர் ஆட்களிடம் கேஸ் கட்டர் இருந்தது. அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"அறுக்கப் போறியா? ஊரே பாக்கணும்னு வச்சது ஆத்தா!"

"ஊரே பாக்குதும்மா. அதான் பிரச்சனை."

அம்மா யோசித்தார். "சரி, மூஞ்சியில தீப்பொறி படாம அறுக்கச் சொல்லு."

இப்போது ஊழியர் தயங்கினார். "எழுதிக் குடுங்க மேடம். அதிகாரி பேனர எதுக்குடா அறுத்தன்னு நாளைக்கு என்னையக் கேப்பாக."

ஜீப்பின் மேல் தாளை வைத்து எழுதினேன்: "மேற்படி பாண்டியம்மாள் பொதுப் போக்குவரத்துக்கு இடையூறாக இருப்பதால் அவரை உடனே அகற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, பாண்டியம்மாள்." அவசரத்தில் 'பேனர்' என்ற சொல் விட்டுப்போனது.

ஏழு முப்பத்தைந்துக்குக் குழாய் அறுந்தது. நான் முகம் குப்புற விழுந்தேன். காதுகுத்துக்காரர் கைதட்டினார். ஏழு ஐம்பதுக்கு இறக்கை வளைவைத் தாண்டியது, ஒரே திருப்பில். மாமா அதைப் பற்றி இன்றுவரை பேசுவதில்லை.

வேலை நிரந்தரமானது. அந்தக் கடிதத்தின் நகல் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. விருந்தாளி வந்தால் காபிக்கு முன்பே அது வந்துவிடும். நான் வீட்டில் எதையாவது எடுக்கச் சொன்னால், "எழுதிக் குடுங்க மேடம்" என்கிறார் அம்மா.

போன வாரம் துணை மேலாளர் பதவிக்கு விண்ணப்பித்தேன். திரும்பும் வழியில் பேரூராட்சியில் இறங்கி, வளைவிலிருந்து நூறடி தள்ளி மூன்று நாளைக்கு ஒரு பேனர் வைக்க முறைப்படி மனுவும் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் 'பதவி உயர்வு' என்று எழுதியிருக்கிறேன். நேர்காணல் வரும் திங்கட்கிழமை.